பைலுக்குப் பிறந்த நேரம்

ஏழு வாரமாகச் சிவமலருக்குக் கால் தரையில் பாவவில்லை. செந்தூலிலிருந்து மினி பஸ்ஸில் வரும்போதே தானாகச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனத்துப் பெண்மணி ஒருநாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அதற்கும் சிரித்தாள்.

காரணம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், விநாயகமூர்த்தியின் கம்ப்யூட்டர் ஏஜென்சி. சிவமலர் அங்கே மூன்று வருடமாக வேலை செய்தாள். தொண்ணூற்றாறு ஜனவரியில் அந்தப் புதுச் சிப் பொருத்திய மெஷின் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் ஒன்றுதான் இருந்தது. அது அந்த மாடியில் இருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். தலையில் ஓர் எலுமிச்சம்பழம். பெட்டி வந்து இறங்கிய அன்றே விநாயகமூர்த்தி பூசை போட்டுவிட்டார்.

சிப் புதிது என்றால் அதற்கு எந்தப் புரோகிராமும் இருக்காது. மனிதர்கள் எழுதும் புரோகிராம் சமையல் குறிப்பு மாதிரி. குறிப்பை வைத்துக்கொண்டு யாரும் பசியாற முடியாது. ஒவ்வொரு சிப்புக்கும் அதனதன் அடுப்பில் சமைத்துப் பொட்டலம் கட்டித் தர வேண்டும். அந்தப் பொட்டலத்துக்குத்தான் பைனரி என்று பேர். பழைய சிப்பின் பொட்டலத்தைப் புதியதன் முன்னால் வைத்தால் அது தொடக்கூடத் தொடாது.

உலகம் முழுவதும் சிதறிக் கிடந்த ஒரு கூட்டம் சம்பளம் வாங்காமல் இந்தச் சமையலைச் செய்து, லண்டனில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டு வைத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு பொறுப்பாளர். புதுச் சிப்புக்கு இன்னும் ஆள் இல்லை. போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நார்வேக்காரன். இன்னொருத்தி சிவமலர்.

கூட்டம் கெடு வைத்திருந்தது. ஜனவரி கடைசி ஞாயிறு, லண்டனில் காலை பத்து மணி. நமக்கு மாலை ஆறு. அந்த நேரத்தில் யாருடைய தொகுப்பு பெரிதோ, எது எதிராளியின் மெஷினில் ஒழுங்காகத் திறக்கிறதோ, அவர் பொறுப்பாளர். பொறுப்பாளருக்குச் சிப் கம்பெனி ஒரு மெஷினை இலவசமாக அனுப்பிவைக்கும். சிவமலருக்கு அந்த மெஷின் வேண்டும். ஏனென்றால் மாடியில் இருந்த பெட்டியை ரவாங்கில் ஒரு சிமெண்ட் ஆலை வாங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை லோரி வரும். அதோடு அவள் கதை முடிந்தது.

விநாயகமூர்த்திக்கு ஐம்பத்தாறு வயது. நல்ல மனுஷன். அவர் அறையில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள். ஒன்று ஊர் நேரத்தைக் காட்டியது. மற்றது அரை மணி பின்னால் ஓடியது. எண்பத்திரண்டு பிறந்தபோது அரசாங்கம் நாட்டு நேரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. அந்தக் கடிகாரத்தை மட்டும் அவர் தொடவில்லை.

"கவர்மெண்டு சொல்லிச்சுன்னு ராகு அரை மணி முன்ன வந்துருவாரா?" என்று கேட்பார்.

காலண்டரில் போட்டிருக்கும் ராகுகாலம் எந்தக் கடிகாரத்துக்கு என்று பதினான்கு வருடமாக அவருக்குத் தீரவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்து விலக்கினார். ஊருக்கு ஒன்றரை மணி ராகுகாலம். அவருக்கு இரண்டு மணி.

வெள்ளிக்கிழமை மாலை அவர் சிவமலரின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். வரிசையாகப் பைல்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தேதி, ஒரு மணி. அது என்ன என்று கேட்டார்.

"அது பைல் பொறந்த நேரம் அங்கிள்."

"எல்லா பைலுக்கும் இருக்கா?"

"எல்லாத்துக்கும் இருக்கு."

"லண்டனுக்குப் போறப்பவும் கூடவே போகுமா?"

"கூடவே போகும்."

அவர் அறைக்குப் போய்க் காலண்டரை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவமலர் கவனிக்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பொட்டலங்களில் முந்நூற்றுப் பதினொன்று முடிந்திருந்தது. அவள் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மிச்சமிருந்தது ஒன்று. மற்ற எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்கும் புரோகிராம் அது. அது சரியாக இல்லையென்றால் மற்ற முந்நூற்றுப் பதினொன்றும் வாய் கட்டிய மூட்டைகள்தான். சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஒன்பது ஐம்பதுக்கு அதைச் சமைத்து முடித்தாள். சின்னப் பொட்டலத்தைத் திறந்தது. பெரிய பொட்டலத்தைக் கொடுத்ததும் விழுந்து செத்தது.

காரணம் உடனே புரிந்தது. புதுச் சிப்பில் முகவரிகள் நீளம். புரோகிராமை எழுதியவர் பழைய சிப்பை மனதில் வைத்துக் குட்டையான இடம் விட்டிருந்தார். பாதி முகவரியோடு போன தபால்காரன் எந்த வீட்டில் போய் நிற்பான்? ஒரு வரியை மாற்றினால் போதும். அதை எப்படி மாற்றுவது என்று யோசித்தபடி கீழே இறங்கிப் போய்த் தே தாரேக் டீ குடித்தாள்.

விநாயகமூர்த்தி மேலே வந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தைந்து. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. அவர் கணக்கில் பதினொன்று வரை. இந்தப் பிள்ளை நட்ட நடு ராகுகாலத்தில் கடைசிப் பைலைப் பெறப்போகிறது. சொன்னால் கேட்க மாட்டாள், சிரிப்பாள். பதினொன்று வரை பொறுக்கவும் மாட்டாள். அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அந்த மெஷினில் அவருக்குத் தெரிந்த ஒரே கட்டளை நேரம் வைப்பது. வாங்க ஆள் வந்து பார்க்கும்போதெல்லாம் அவர்தான் அதை வைத்துக் காட்டுவார். எட்டு முப்பத்துமூன்று என்று வைத்தார். எந்தக் கடிகாரத்தின்படி பார்த்தாலும் அது சுத்தமான நேரம். எழுந்து போய் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டார்.

சிவமலர் வந்து வரியை மாற்றினாள். அப்போது ஊருக்குப் பத்து பத்து. மெஷினுக்கு எட்டே முக்கால். மறுபடி சமைக்கச் சொன்னாள்.

இங்கேதான் எல்லாம் நடந்தது. சமைக்கும் கருவிக்கு ஒரு புத்திசாலித்தனம் உண்டு. தேவையில்லாமல் அடுப்பு மூட்டாது. குறிப்பும் சாப்பாடும் பிறந்த நேரத்தைப் பார்க்கும். குறிப்பு புதிது என்றால் சமைக்கும். சாப்பாடு புதிது என்றால் சும்மா இருக்கும். குறிப்புக்கு எட்டே முக்கால், சாப்பாட்டுக்கு ஒன்பது ஐம்பது. சாப்பாடுதான் புதிது என்று அது முடிவு கட்டியது. எல்லாம் தயார் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது.

முதல் தடவை நான்கு நிமிடம் பிடித்த வேலை. இப்போது ஒரு நொடி. சிவமலர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஏழு வாரச் சந்தோஷத்துக்குக் கண் தெரியாது.

"அங்கிள், பாத்தீங்களா? பறக்குது லா."

சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துப் பார்த்தாள். திறந்தது. பெரியதைத் தேடினாள். அதற்குள் விநாயகமூர்த்தி பக்கத்தில் வந்து நின்று, சீக்கிரம் கட்டி முடி பிள்ளை, சீக்கிரம், என்று அவசரப்படுத்தினார். அவர் பயம் அவருக்கு. மெஷினில் ஒன்பது அடித்துவிட்டால் அங்கேயும் ராகு வந்துவிடுவார். இப்படி அவர் யாரையும் விரட்டியதில்லை. அவளுக்கு அதுவும் சிரிப்பாக வந்தது. குறிப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விசையைத் தட்டினாள். மெஷினில் எட்டு ஐம்பத்தொன்பது. விநாயகமூர்த்தி அவள் வாயில் ஒரு லட்டைத் திணித்தார். அவள் முகம் கழுவப் போனபோது நேரத்தைத் திருப்பிச் சரியாக வைத்தார். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்தது.

மூட்டையின் எடை எண்பத்து நான்கு மெகாபைட். ஏஜென்சியின் மோடமில் அனுப்பினால் பொழுது விடிந்து பொழுது போகும். நடுவில் யாராவது போனை எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நல்ல லைன் இருந்தது. அங்கே சரக்குப் பட்டியல் பார்க்கும் புஷ்பவல்லி, கல்லூரியில் சிவமலருக்கு இரண்டு வருடம் மூத்தவள். ஞாயிற்றுக்கிழமை லைன் சும்மா கிடக்கும், முதலாளியிடம் கேட்டுவிட்டேன், வா என்றாள்.

ஞாயிறு காலை அய்யாவு வேனை எடுத்தான். ஏஜென்சியின் மெஷின்களை ஏற்றி இறக்குவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. வயது முப்பத்திரண்டு. மனைவி இறந்து ஒன்றரை வருடம். அதிகம் பேச மாட்டான். பேசினால் மூன்று சொல். மூட்டையை நகலெடுத்திருந்த ஹார்ட் டிஸ்க்கைப் பூத்துவாலையில் சுற்றிச் சிவமலர் மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். பொறுப்பாளர் ஆனதும் தன் பேர் பட்டியலில் எப்படி வரும், நார்வேக்காரன் முகம் எப்படிப் போகும், புது மெஷினுக்கு என்ன பேர் வைப்பது. சுங்கச் சாவடி தாண்டியதும் அய்யாவு வாயைத் திறந்தான்.

"புள்ளய கெட்டியா பிடி."

அவள் மடியைப் பார்த்தாள். துவாலைக்குள் ஹார்ட் டிஸ்க் பச்சைக் குழந்தை மாதிரி கிடந்தது. ஷா ஆலம் தாண்டும் வரை அடக்க முடியாமல் சிரித்தாள்.

பதினொன்றரைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். புஷ்பவல்லி எல்லாருக்கும் ஆயர் பண்டோங் ரோஜாப் பால் வாங்கி வைத்திருந்தாள். திரையில் நூற்றுக்கு எத்தனை போயிற்று என்று எண் ஏறியது. ஐம்பதைத் தாண்டியதும் மூன்று பேரும் கிள்ளான் கடைத்தெருவுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டார்கள். சிவமலர் மல்லிகை வாங்கினாள். திரும்பி வந்து பாதியைக் கிள்ளி மோடமின் மேல் வைத்தாள். தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. மூன்று மணிக்கு நூறு.

இனி ஒரே வேலை. தயார் என்று கூட்டத்துக்கு ஒரு கடிதம் போட வேண்டும். அதையும் எழுதி வைத்திருந்தாள். விரல் விசைமேல் இருந்தது.

"இரு, பட்டியல் பாத்துக்கிறேன்" என்றாள் புஷ்பவல்லி.

அது அவள் தொழில் புத்தி. கப்பலுக்குப் போன சரக்கும் பட்டியலும் ஒத்துப்போகாமல் அவள் எதையும் விடமாட்டாள். சிவமலர் மெஷினில் எடுத்து வந்த பட்டியலையும், லண்டன் கம்ப்யூட்டர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிய பட்டியலையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டாள்.

"லண்டன் பேப்பர்ல எல்லாத்துக்கும் எட்டு மணி கொறச்சலா போட்டிருக்கு. ஆனா வரிசை சரி."

"மெஷினுக்குள்ள எப்பவும் லண்டன் மணிதான் அக்கா. நமக்குக் காட்டுறப்ப எட்டைக் கூட்டிக் காட்டும்" என்றாள் சிவமலர். விரல் விசைமேலேயே இருந்தது.

"சரி. கடைசி ஒண்ணு. பிரிக்கிற புரோகிராம். குறிப்பை ரிப்பேர் பண்ணது சனி எட்டே முக்கால். அதை வச்சுச் சமைச்சது ஒம்பது அம்பது. கரெக்டா இருக்கு, அனுப்பு."

சிவமலர் அனுப்பவில்லை.

"எட்டே முக்காலா?"

"எட்டே முக்கால்தான் போட்டிருக்கு."

"எட்டே முக்காலுக்கு நான் மினி பஸ்ல தொங்கிக்கிட்டிருந்தேனே அக்கா."

அவள் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒரு நொடியில் முடிந்த சமையல் ஞாபகம் வந்தது. பறக்குது என்று கத்தியது ஞாபகம் வந்தது. அந்தப் புரோகிராம் மறுபடி சமைக்கப்படவே இல்லை. லண்டனில் கிடப்பது பாதி முகவரியோடு போகும் பழைய தபால்காரன். கடிதம் போட்டிருந்தால் நார்வேக்காரன் பெரிய பொட்டலத்தைத் தூக்கிக் கொடுப்பான். அது விழும். ஏழு வாரமும் அதோடு விழும்.

ஏஜென்சிக்கு ஓட வேண்டும். அந்தச் சிப்புக்குச் சமைக்க அந்த மெஷின் மட்டும்தான். சாவி விநாயகமூர்த்தியிடம். அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். மெஷினின் நேரத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றாள். எதிர்முனையில் குரல் பெருமையாக வந்தது.

"யாரோ இல்ல பிள்ளை. நான்தான். நல்ல நேரத்துல பொறக்கட்டும்னு வச்சேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டியது. விஷயத்தைச் சொன்னாள். அவர் பதறிப்போனார். உடனே கிளம்பிப் போய் வாசலில் நிற்கிறேன் என்றார். பிறகு குரல் இறங்கியது. இன்று ஞாயிறு. நாலரைக்கு ராகுகாலம். நாலரைக்குள் வந்துவிடு. இல்லையென்றால் ஆறரைக்குத்தான் திறக்க முடியும்.

கெடு ஆறு மணிக்கு. சுவரில் மூன்று இருபது.

அய்யாவு ஏற்கனவே வேனில் இருந்தான். சிவமலர் இரண்டு பட்டியலையும் கையில் சுருட்டிக்கொண்டு ஓடினாள். புஷ்பவல்லி பின்னாலேயே ஓடி வந்து, மறந்து வைத்த ஒற்றைச் செருப்பை ஜன்னல் வழியாக எறிந்தாள்.

ஃபெடரல் ஹைவேயில் பாதிக் கோலாலம்பூர் கிள்ளானில் நண்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ஷா ஆலம் வரை பறந்தார்கள். அதன் பிறகு ஊர்ந்தார்கள். பெட்டாலிங் ஜெயா தாண்டி, பெரிய தோரண வளைவின் அடியில், வேன் அசையாமல் நின்றது. நான்கு இருபது. சிவமலர் மூன்று வயதுக்குப் பிறகு கும்பிடாத சாமிகளையெல்லாம் கும்பிட்டாள். நடுவில் திடீரென்று சிரிப்பு வந்தது. ராகுகாலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர்காரி சாமி கும்பிடுகிறாள். அய்யாவுவிடம் சொன்னாள். அவன் முன்னால் நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ராகுவும் இந்த ஜாம்லதான் இருப்பாரு."

நான்கு சொல். அவள் எண்ணிப் பார்த்தாள். ஒன்றரை வருடத்தில் அதுதான் அதிகம்.

பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தபோது நாலு நாற்பத்தொன்று.

விநாயகமூர்த்தி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். வேட்டி, பனியன், மேலே அவசரமாக மாட்டிய சட்டை. சட்டைப் பையில் சாவி. அழுதுவிடுவார் போல இருந்தார். பதினோரு நிமிடம் போச்சே பிள்ளை என்றார். தன்னால் வந்த வினை என்று தெரியும், எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயார், ஆனால் இந்த நேரத்தில் ஷட்டரைத் தூக்கிப் புதுக்காரியம் தொடங்கினால் அவளுக்குத்தான் கெடுதல், அதைத் தன் கையால் எப்படிச் செய்வது என்றார். மனதார அவள் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருக்கலாம்.

பழைய கடிகாரப்படி இப்போது நாலு பதினொன்றுதானே என்று சிவமலர் கேட்டுப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவர் இரண்டு கடிகாரத்துக்கும் பயந்தவர்.

அவள் கையில் சுருட்டி வைத்திருந்த பேப்பர் வியர்வையில் நனைந்திருந்தது. அதைப் பார்த்தாள். விரித்தாள். அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், இது லண்டன்ல இருந்து வந்த பட்டியல். நேத்து நீங்க நல்ல நேரம் வச்சுப் பொறந்த பைல் இதோ. எத்தனை மணின்னு படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

"பன்னெண்டே முக்கால். இது என்ன, எட்டே முக்கால்தானே வச்சேன்?"

"ராத்திரி பன்னெண்டே முக்கால். லண்டன் மணி. நீங்க வெளிய என்ன வச்சாலும் அது உள்ளுக்குள்ள லண்டன் மணியாத்தான் எழுதி வைக்கும். உலகத்துல எந்த ஊர்ல சமைச்சாலும் பைல் லண்டன்லதான் பொறக்குது அங்கிள்."

அவர் பேப்பரை விரலால் தடவினார். மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு மணியாகப் பார்த்தார். பக்கத்துப் பட்டியலோடு எட்டு எட்டாகக் கழித்துச் சரிபார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இப்ப லண்டன்ல மணி என்ன?"

"காலையில எட்டு நாப்பத்தி நாலு."

"ஞாயித்துக்கிழமைதானே?"

"ஞாயித்துக்கிழமைதான்."

அவர் விரல்விட்டு எண்ணினார். ராகு நாலரைக்கு. குளிகை மூன்று மணிக்கு. எமகண்டம் பன்னிரண்டுக்கு. காலை எட்டே முக்காலில் எந்தத் தோஷமும் இல்லை. அவர் முகம் தெளிந்தது, பிறகு மறுபடி கறுத்தது.

"அங்கேயும் மணியைத் தள்ளி வைப்பாங்களாமே?"

"வெயில் காலத்துல மட்டும் அங்கிள். இது பனிக் காலம். அப்படியே தள்ளினாலும் மெஷின் கண்டுக்காது."

"எண்பத்திரண்டுல நம்ம ஆளுங்க தள்ளினாங்களே, அதையும் கண்டுக்காதா?"

"கண்டுக்கவே கண்டுக்காது."

விநாயகமூர்த்தி எழுந்து நின்றார். பதினான்கு வருடமாகத் தன் பக்கம் ஒருத்தரும் இல்லை என்று நினைத்திருந்தார். சந்தனம் வைத்த அந்தப் பெட்டி மட்டும் இத்தனை நாளாக அரசாங்கத்துக்குப் பணியாமல் உட்கார்ந்திருக்கிறது.

"அப்ப நேத்து நான் சும்மாதான் கை வச்சேனா?" என்று கேட்டார்.

"சாவி குடுங்க அங்கிள்" என்றான் அய்யாவு.

ஷட்டர் நாலு ஐம்பதுக்கு ஏறியது. சிவமலர் முதலில் மெஷினின் நேரத்தைச் சரிபார்த்தாள். பிறகு விநாயகமூர்த்தியின் கைகள் இரண்டையும் பார்த்தாள். அவர் அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டார். பழைய சாப்பாட்டை முழுக்கக் கொட்டிக் கழுவிவிட்டு அடுப்பு மூட்டினாள். ஒரு நொடியில் முடியவில்லை. ஒரு நிமிடத்தில் முடியவில்லை. அத்தனை நாளும் வேகத்துக்காகக் கைதட்டியவள், மெஷின் திணறத் திணறச் சந்தோஷப்பட்டாள். நான்கு நிமிடம் பத்து நொடி. இருப்பதிலேயே பெரிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

திறந்தது.

இன்னொன்றைக் கொடுத்தாள். திறந்தது. முந்நூற்றுப் பதினொன்றையும் வரிசையாகக் கொடுத்தாள். பதினைந்து நிமிடம் ஆயிற்று. ஒன்றுகூட விழவில்லை. விநாயகமூர்த்தி ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் எண்ணினார். இருநூறுக்கு மேல் அய்யாவும் சேர்ந்துகொண்டான்.

ஒரு பைலை மட்டும் அனுப்ப மோடமே போதும். முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை கிடைத்தது. மோடம் கூவியது, கரகரத்தது, அமைதியானது. கிள்ளானிலிருந்து கொண்டுவந்த மிச்ச மல்லிகையை விநாயகமூர்த்தி அதன் மேல் வைத்தார். பைல் போய்ச் சேர்ந்தது. ஐந்து இருபத்தாறுக்குச் சிவமலர் கடிதத்தை அனுப்பினாள்.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை. நார்வேயில் ஞாயிறு காலை பத்தரை மணி. அவன் தூங்கிக்கொண்டிருந்தால்? குளிக்கப் போயிருந்தால்? பனியில் சறுக்கப் போயிருந்தால்? சிவமலர் நாற்காலியில் சுற்றவில்லை. அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கீழே கடையில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு கடிகாரமும் இரண்டு விதமாக டிக் டிக் என்றன. ஐந்து நாற்பது. ஐந்து நாற்பத்தைந்து.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் வந்தது. அவள் வாய்விட்டுத் தமிழில் படித்தாள். உங்கள் தொகுப்பில் இருப்பதிலேயே பெரிய பொட்டலத்தைத் தேடி எடுத்துத் திறந்தேன், விழும் என்று எதிர்பார்த்தேன், விழவில்லை. என்னுடையது மூன்று வாரமாக அதே இடத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. என் கையில் இருப்பது இருநூற்றுத் தொண்ணூறு. எந்த வரியை மாற்றினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். வாழ்த்துகள், பொறுப்பாளரே. ஓர் ஆலோசனையும் உண்டு. சமைப்பதற்கு முன்னால் மெஷினின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குப் போன மாதம் அதனால் ஒரு வாரம் வீணாயிற்று.

கடைசி வரியைப் படிக்க அவளால் முடியவில்லை. சிரிப்பு மூச்சை அடைத்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். மிச்சத்தை அய்யாவுதான் திரையைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தான். விநாயகமூர்த்திக்குக் காது சிவந்தது. நார்வேயிலும் ராகுகாலம் பார்ப்பார்களா என்று கேட்டார்.

ஆறு மணிக்கு லண்டன் பட்டியலில் புதுச் சிப்புக்கு எதிரே ஒரு பேர் ஏறியது. சிவமலர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர். மெஷின் அனுப்ப வேண்டிய முகவரியைக் கேட்டு அதன் கீழேயே ஒரு குறிப்பு. அவள் முகவரியைத் தட்டினாள். நீளமான முகவரி. ஓர் எழுத்தையும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை லோரி வரட்டும். ரவாங் பெட்டிக்கு நானே கயிறு கட்டி ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் மூன்று சுற்றுச் சுற்றினாள்.

விநாயகமூர்த்தி அறையிலிருந்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வந்தார். அந்தப் பைல் சரியாக எப்போது பிறந்தது என்று கேட்டார். லண்டன் மணிப்படி எட்டு ஐம்பத்தெட்டு என்றாள். கட்டம் போட்டார். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ரொம்ப நேரம் குனிந்து எழுதினார். நிமிர்ந்தபோது முகம் விரிந்திருந்தது.

"செவ்வாய் கொஞ்சம் பிசகுது. கல்யாணம்னு வந்தா பாத்துத்தான் செய்யணும். ஆனா பிள்ளை, ஒண்ணு சொல்றேன் கேளு. இந்தச் சாதகத்துக்கு வெளிநாட்டு யோகம் அமோகமா இருக்கு."

அய்யாவு வேன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"ஏற்கனவே போயிருச்சு அங்கிள்" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.